சூளையின் கணக்கும் சீராக்கின் ஞானமும்

தமிழ்நாட்டுக் கத்தோலிக்கக் கோவில்களில் இன்று வாசிக்கப்படும் விவிலியத்துக்கும் திண்டிவனத்துக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. தமிழக ஆயர்களின் விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு நடுநிலையம் இந்த ஊரில்தான் இயங்குகிறது. கத்தோலிக்க அறிஞர்களும் பிற திருச்சபைகளின் அறிஞர்களும் பல ஆண்டுகள் சேர்ந்து உழைத்த பொது மொழிபெயர்ப்பு 1995இல் வெளிவந்தபோது அதைப் பதிப்பித்ததும் இந்த நடுநிலையமே. சென்னை செல்லும் பேருந்துகள் நின்று கிளம்பும் ஊராக மட்டுமே பலர் அறிந்திருக்கும் திண்டிவனத்தின் பெயர், இப்படிப் பல்லாயிரம் வீடுகளில் புத்தகத்தோடு புத்தகமாக இருந்துவருகிறது.

அந்தத் தொகுப்பில் ஞான இலக்கியம் என்று அறிஞர்கள் வகைப்படுத்தும் நூல்கள் ஐந்து: யோபு, நீதிமொழிகள், சபை உரையாளர், சாலமோனின் ஞானம், சீராக்கின் ஞானம். பழைய மொழிபெயர்ப்பில் பழகியவர்கள் சபை உரையாளரைப் பிரசங்கி என்பார்கள். சாலமோனின் ஞானம், சீராக்கின் ஞானம் ஆகியவற்றின் பிற்பகுதிகளைத் தவிர்த்தால், இவற்றில் இஸ்ரயேலின் வரலாறு அநேகமாக இல்லை, பலி முறைகள் குறைவு, அற்புதங்களும் அரிது. வீடு, வயல், சந்தை, வழக்குமன்றம், அரண்மனை ஆகிய இடங்களில் மனிதர் ஒருவரோடொருவர் நடந்துகொள்ளும் முறையே இவற்றின் பேச்சு. நாலடியாரையும் திருக்குறளையும் பள்ளியில் படித்த தமிழருக்கு இந்த அறநூல் நடை அந்நியமாகத் தோன்றாது.

ஆனால் இன்று இவை பெரும்பாலும் புழங்கும் இடங்கள் வேறு. நாள்காட்டித் தாளின் அடியில் ஒரு வரி, காலை வாட்ஸ்அப் வாழ்த்தில் ஒரு வரி, தன்னம்பிக்கைக் கூட்டத்தில் ஒரு வரி. சோம்பலாக இருக்காதே, நாவை அடக்கு, அதிகாலையில் எழு என்ற அளவில் அவை நின்றுவிடுகின்றன. இது பாதி வாசிப்பு. மீதிப் பாதி கடனையும் கூலியையும் நில எல்லையையும் எடைக்கல்லையும் அதிகாரியின் மேசையையும் பற்றியது. விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் உட்கார்ந்து படித்தால் அந்த மீதிப் பாதிதான் முதலில் கண்ணில் படுகிறது.

இந்த வட்டாரத்துச் செங்கல் சூளை ஒன்றின் வேலையைக் கவனிக்கலாம். மழைக்காலம் முடிந்ததும் சூளை வேலை தொடங்கும். கணவனும் மனைவியும் சேர்ந்தால் ஒரு ஜோடி. ஜோடிக்கு இவ்வளவு என்று முன்பணம் கொடுக்கப்படும். வெயிலுக்குப் பயந்து நள்ளிரவு தாண்டியதும் எழுந்து மண் குழைப்பார்கள். குழைத்த மண்ணை அச்சில் அடித்து, தட்டி, வரிசை வரிசையாகத் தரையில் கல் அறுத்துப் போடுவார்கள். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்பது கூலி. ஆனால் அந்தக் கூலி அன்றன்றைக்குக் கைக்கு வராது. அரிசிக்கும் குழம்புச் செலவுக்கும் வாரம் ஒரு தொகை தருவார்கள்; மற்றது கணக்கில் நிற்கும். கோடை மழை திடீரென்று இறங்கி, காயாத பச்சைக்கல் கரைந்தால் அந்த உழைப்பு கணக்கில் ஏறாமலே போவதும் உண்டு. பருவ முடிவில் கணக்குப் பார்க்கும்போது வாங்கிய முன்பணம் தீர்ந்திருக்காது. பாக்கி அடுத்த ஆண்டுக்குப் போகும்; குடும்பமும் கூடவே போகும். கணக்கு நோட்டு முதலாளியிடம் இருக்கும். அதில் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரிந்தவர் அந்தக் குடும்பத்தில் பெரும்பாலும் இருக்கமாட்டார்.

இப்படி முன்பணத்தில் சிக்கியவர்களில் கணிசமானோர் இருளர் பழங்குடியினர். சூளை மட்டுமல்ல, சவுக்குத் தோப்பில் மரம் வெட்டவும், கரி மூட்டம் போடவும், அரிசி ஆலையில் நெல் அவிக்கவும் இதே முறையில் போகிறார்கள். கடன் வாங்கியவன் கொடுத்தவனுக்கு அடிமை என்ற கருத்தை நீதிமொழிகளின் 22ஆம் அதிகாரம் ஒரே வரியில் சொல்லிவிடுகிறது. பண்டை இஸ்ரயேலில் அது உருவகமல்ல. கடனைத் தீர்க்க முடியாதவர் பிள்ளைகளை அடிமையாகக் கொடுத்ததை அரசர்கள் நூலும் நெகேமியா நூலும் பதிவு செய்கின்றன. திண்டிவனத்துச் சூளையிலும் அது உருவகமல்ல.

இந்தியச் சட்டம் இந்த உறவை 1976இல் ஒழித்தது. கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டத்தின்படி அந்தக் கடன் அப்போதே செல்லாததாகிவிடும். குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவது அரசமைப்பின் 23ஆம் பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பே என்று 1982இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மீட்கப்பட்டவருக்கு விடுதலைச் சான்றிதழ் தர வேண்டும். 2016ஆம் ஆண்டு மறுவாழ்வுத் திட்டம் ஆணுக்கு 1 லட்சம், பெண்ணுக்கும் குழந்தைக்கும் 2 லட்சம், மிகக் கொடிய நிலையிலிருந்து மீட்கப்பட்டோருக்கு 3 லட்சம் ரூபாய் என்று வகுத்தது. ஆனால் முழுத் தொகையைக் குற்றவாளிக்குத் தண்டனை கிடைப்பதோடு முடிச்சுப் போட்டது. வழக்கு முடிய ஆண்டுகள் ஆகும். மீண்ட குடும்பத்துக்கு அடுத்த வாரமே அரிசி வேண்டும்.

திண்டிவனத்தை மையமாகக் கொண்டு இயங்கும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தின் பணியை இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. அதைத் தொடங்கி வளர்த்த பேராசிரியர் பிரபா கல்விமணி, கல்யாணி என்ற பெயரில் அரசுக் கல்லூரியில் இயற்பியல் கற்பித்தவர். பொய் வழக்கு, காவல் நிலையச் சித்திரவதை, கொத்தடிமை முறை ஆகியவற்றோடு சங்கம் ஓயாமல் மல்லுக்கட்டிய இன்னொன்று சாதிச் சான்றிதழ். பழங்குடியினருக்கான சான்றிதழை வட்டாட்சியர் தர முடியாது. கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர்தான் தர வேண்டும். மனு கீழே இறங்கி விசாரணைக்குப் போகும். பிறகு மேலே ஏறும். ஒவ்வொரு மேசையிலும் ஒரு சந்தேகம் எழும். சான்றிதழ் இல்லாத பிள்ளை உதவித்தொகை இல்லாமல் பள்ளியை விட்டு நிற்கும். நின்ற பிள்ளை சூளைக்குப் போகும்.

சபை உரையாளரின் 5ஆம் அதிகாரத்தைப் படித்துவிட்டு இந்த மேசை வரிசையைப் பார்ப்பவருக்கு விளக்கம் தேவைப்படாது. ஒரு நாட்டில் ஏழை நசுக்கப்படுவதையும் நீதி மறுக்கப்படுவதையும் கண்டால் வியக்காதே என்று தொடங்கி, அதிகாரிக்கு மேல் அதிகாரி, அவருக்கும் மேல் இன்னொருவர் என்று அந்நூல் அடுக்குகிறது. கிரேக்க ஆட்சிக் காலத்தில், வரி வசூலுக்காக அதிகாரிகள் படிப்படியாக அமர்த்தப்பட்டிருந்த நிலையில் இது எழுதப்பட்டிருக்கலாம் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. கொடுங்கோலன் ஒருவனைக் குற்றம் சாட்டுவது எளிது. யாரும் தனியாகப் பொறுப்பேற்க வேண்டியிராத ஓர் அமைப்பு எப்படி ஏழையை நசுக்குகிறது என்று காட்டுவது கடினம். சபை உரையாளர் அதைச் செய்திருக்கிறார்.

இருளர்கள் கன்னியம்மனைக் கும்பிடுபவர்கள். விவிலியம் அவர்களது நூல் அல்ல. அந்த நூலைத் தமதென்று சொல்வோருக்குத்தான் அது இங்கே கேள்வி எழுப்புகிறது. அந்தக் கேள்வி மிகக் கடுமையாக எழும் இடம் சீராக்கின் ஞானத்தின் 34ஆம் அதிகாரம்.

கி.மு. 180ஐ ஒட்டி எருசலேமில் இளைஞர்களுக்குக் கல்வி புகட்டிய பென் சீரா (சீராக்கு) எழுதிய நூல் அது. அவருடைய பேரன் எகிப்துக்குப் போய், அங்கே கிரேக்கத்தில் மொழிபெயர்த்தார். எபிரேய மூலம் நெடுங்காலம் தொலைந்திருந்தது. கெய்ரோ தொழுகைக் கூடத்தின் பழந்தாள் அறையிலிருந்து வந்த ஏடு ஒன்றை 1896இல் சாலமன் ஷெக்டர் அடையாளம் கண்டார். 1964இல் மசாதா கோட்டையின் இடிபாடுகளிலும் சில பகுதிகள் கிடைத்தன. சீர்திருத்தச் சபைகள் இந்நூலைத் தம் திருமுறையில் சேர்ப்பதில்லை. ஆகவே தமிழ்நாட்டில் பழைய மொழிபெயர்ப்பை மட்டுமே கையில் வைத்திருக்கும் சபைகளின் மக்களில் பலர் சீராக்கை வாசித்ததே இல்லை. பொது மொழிபெயர்ப்பு அதை, கத்தோலிக்கர் ஏற்கும் இணைத்திருமுறை நூல்களில் ஒன்றாகச் சேர்த்தது. அந்த முயற்சியின் பெரிய பயன்களில் இதுவும் ஒன்று.

34ஆம் அதிகாரம் சொல்வது இதுதான்: ஏழையிடமிருந்து பறித்ததைக் கொண்டு பலி செலுத்துவது, தந்தையின் கண்முன்னே மகனைக் கொல்வதற்குச் சமம், கூலியாளின் கூலியைப் பறிப்பவன் இரத்தம் சிந்துகிறவன். 1514இல் கியூபா தீவில் பர்த்தலோமே தெ லாஸ் காசாஸ் என்ற ஸ்பானியக் குரு, பெந்தகோஸ்து நாள் மறையுரைக்காக இந்தப் பகுதியைப் புரட்டினார். அவருக்கு அங்கே நிலமும் இருந்தது. அதில் கட்டாய வேலை செய்யப் பூர்வகுடி மக்களும் ஒப்படைக்கப்பட்டிருந்தார்கள். மற்றவர்களைவிடத் தாம் அவர்களை நன்றாக நடத்துவதாகத்தான் அதுவரை நம்பியிருந்தார். இந்த வரிகள் அவரைத் தூங்கவிடவில்லை. அந்த ஆண்டிலேயே தம்மிடம் இருந்தவர்களை விட்டுக்கொடுத்து, பிறகு அரை நூற்றாண்டு அவர்களுக்காக ஸ்பானிய அரசவையில் வாதாடினார். பூர்வகுடிகளுக்குப் பதிலாக ஆப்பிரிக்க அடிமைகளைக் கொண்டுவரலாம் என்று ஒரு கட்டத்தில் அவர் சொன்னதும், பின்னாளில் அதற்காக மனம் நொந்ததும் அதே வாழ்க்கையின் பகுதிகள். ஒரு நூலின் ஒரு பக்கம் ஒருவரை முழுவதும் மாற்றிவிடாது. ஆனால் எந்த இடத்தில் தவறு நடக்கிறது என்று சுட்டிக்காட்டும். லாஸ் காசாஸுக்கு அது தம் சொந்தப் பண்ணையைக் காட்டியது.

எடைக்கல்லும் எல்லைக்கல்லும் பற்றி நீதிமொழிகள் திரும்பத் திரும்பப் பேசுகிறது. 1923இல் எகிப்திய அமெனமோப்பேயின் அறிவுரை என்ற பாப்பிரசுச் சுவடி பதிப்பிக்கப்பட்டபோது, நீதிமொழிகள் 22, 23ஆம் அதிகாரங்களோடு அது நெருங்கிய ஒற்றுமை கொண்டிருப்பதை அறிஞர்கள் கண்டார்கள். எளியோரின் நில எல்லையை நகர்த்தாதே என்ற எச்சரிக்கை இரண்டிலும் உண்டு. ஞானம் நாட்டு எல்லைகளைத் தாண்டிப் பயணித்திருக்கிறது. நில அபகரிப்பும் அப்படியே. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் ஒடுக்கப்பட்டோருக்கென ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்கள், அச்சமூகத்தாரல்லாத பிறர் கைக்கு மாறக்கூடாது என்ற நிபந்தனையை மீறி வடதமிழகம் எங்கும் கைமாறிய கதை ஊரறிந்தது. நிலக்கடலைக்குப் பேர்போன பழைய தென்னாற்காட்டு விவசாயிக்குச் சந்தையில் எடைக்கல்லை நம்பும் நிலை இல்லாததும் 1933ஆம் ஆண்டு சென்னை வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டத்துக்கும் ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களுக்கும் வழிவகுத்தது.

கடனுக்குப் பிணை நிற்பது பற்றி இந்நூல்கள் ஒரே குரலில் பேசவில்லை. இன்றைய வாசகருக்கு அதுவே மிகவும் பயன்படக்கூடியது. நீதிமொழிகளின் 6, 11, 17, 22ஆம் அதிகாரங்கள் எல்லாமே ஒரே பாட்டைப் பாடுகின்றன: அயலானுக்காகப் பிணை நிற்காதே, நின்றுவிட்டால் வேடன் கையிலிருந்து மான் தப்புவதுபோலத் தப்பியோடு. சீராக்கின் 29ஆம் அதிகாரமோ, நல்லவன் அயலானுக்குப் பிணை நிற்பான் என்று தொடங்கி, பிணை நின்று வாழ்விழந்து வீடுவிட்டு அலைந்தவர்களையும் நினைவூட்டி, உன்னால் முடிந்த அளவு உதவு, ஆனால் விழுந்துவிடாமல் பார்த்துக்கொள் என்று முடிக்கிறது.

இந்த இரண்டு கருத்துகளுக்கும் நடுவில்தான் இன்று ஆயிரக்கணக்கான பெண்கள் நிற்கிறார்கள். தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989இல் தர்மபுரியில் தொடங்கின. அடுத்த கட்டங்களில் பிரிக்கப்படாத தென்னாற்காடும் சேர்ந்தது. குழுவாகச் சேமித்து, அந்தப் பணத்தையே உறுப்பினருக்குக் கடனாகக் கொடுத்து, பிறகு வங்கிக் கடனுக்கும் போன அந்த முயற்சி பல வீடுகளைக் கந்துவட்டியிலிருந்து காப்பாற்றியது. அதன் பின்னால் வந்த தனியார் நுண்கடன் நிறுவனங்கள் குழுவின் சேமிப்பை விட்டுவிட்டு, குழுவின் பிணையை மட்டும் எடுத்துக்கொண்டன. ஒருத்தி தவணை கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும். வசூலுக்கு வந்தவர் தெருவில் உட்கார்ந்துவிடுவார். கட்டத் தவறியவளின் வீட்டு வாசலில் நின்று சத்தம் போடுவது அண்டை வீட்டுப் பெண்கள். கடன் கொடுத்தவரின் கவலையை அயலார் மேல் ஏற்றிய ஏற்பாடு இது. 2010இல் ஆந்திராவில் இது நுண்கடன் நெருக்கடியாக வெடித்தது. தமிழ்நாடு அதற்கு முன்பே, 2003இல், கந்துவட்டியைத் தடைசெய்திருந்தது. வசூல் என்ற பெயரில் நடக்கும் மிரட்டலைத் தடுக்க 2025இல் இன்னொரு சட்டம் கொண்டுவந்தது. ஒருவரையொருவர் தாங்கிய பழைய குழுவுக்கும் ஒருவரையொருவர் காவல் காக்கும் புதிய குழுவுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தை நிர்வாக நூல்களைவிடச் சீராக்கு நன்றாகப் புரிந்துவைத்திருக்கிறார்.

மதுவைப் பற்றிய பகுதிக்கு வருவோம். 2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்துப் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு ஜூனில், 2019 வரை விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த கள்ளக்குறிச்சியின் கருணாபுரத்திலும் சுற்றுப்புறத்திலும் அறுபதுக்கும் மேற்பட்டோர் பலியானார்கள். உழைத்துக் களைத்த உடம்போடு மலிவாகக் கிடைத்ததைக் குடித்தவர்கள். கோவில் மறையுரைகளில் இத்தகைய நாட்களில் நினைவுக்கு வருவது நீதிமொழிகள் 23இல் வரும் குடிகாரனின் சித்திரம்: சிவந்த கண்கள், காரணமில்லாத காயங்கள், விழித்ததும் மறுபடி குடியைத் தேடுவது. சரியான சித்திரம்தான். ஆனால் அதே நூலின் 31ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தை யாரும் எடுப்பதில்லை. அங்கே லெமுவேல் என்ற அரசனுக்கு அவனுடைய தாய் புத்தி சொல்கிறாள். மது அரசர்களுக்கு ஆகாது. குடித்தால் சட்டத்தை மறந்து எளியோரின் உரிமையைப் புரட்டிவிடுவார்கள் என்கிறாள். ஏழை எதற்குக் குடிக்கிறான் என்பதும் அவளுக்குத் தெரியும்: வறுமையை மறக்க. முடிவில், பேச முடியாதவர்களுக்காக நீ பேசு என்கிறாள். குடிப்பவனைத் திருத்துவதைவிட ஆள்பவனுக்குப் பொறுப்பை நினைவூட்டுவதே அந்தத் தாயின் முதல் அக்கறை. சாராய வியாபாரியைக் கண்டும் காணாமல் இருக்கும் அதிகாரிகள், மதுக்கடை வருமானத்தை நம்பும் கருவூலம் ஆகியவை பற்றிய விவாதத்தில் இந்தப் பகுதி இடம்பெற வேண்டியது.

இந்நூல்களை அப்படியே ஏற்றுக்கொள்ளச் சொல்வதும் நேர்மையாகாது. இவற்றை எழுதியவர்கள் படித்த ஆண்கள், பெரும்பாலும் வசதியானவர்கள். வறுமைக்குச் சோம்பலே காரணம் என்று நீதிமொழிகள் பல இடங்களில் சொல்கிறது. நள்ளிரவில் எழுந்து மண் குழைக்கும் குடும்பத்தின் முன்னால் அதைச் சொல்ல முடியாது. சீராக்கு பெண்களைப் பற்றி எழுதிய சில வரிகளும் அடிமைகளை நடத்தச் சொன்ன முறையும் இன்று யாராலும் ஏற்க முடியாதவை. பிள்ளையைப் பிரம்பால் அடி என்ற நீதிமொழிகளின் அறிவுரை, 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் உடல் தண்டனையைத் தடைசெய்த பிறகும் மேற்கோள் காட்டப்படுகிறது. இந்தத் தொகுப்பின் பெருமை, தன்னைத் தானே மறுத்துப் பேசும் நூல் ஒன்றையும் அது தன்னுள் வைத்திருப்பது. அதுதான் யோபு.

நல்லவன் வாழ்வான், தீயவன் வீழ்வான் என்ற நீதிமொழிகளின் கணக்கை யோபு உடைக்கிறார். அவரைப் பார்க்க வரும் மூன்று நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் கூட உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் செய்த நல்ல காரியம் அதுதான். வாயைத் திறந்ததும், நீ ஏதோ பாவம் செய்திருப்பாய் என்கிறார்கள். நம் ஊரில் இதற்கு முன்வினை என்ற விளக்கம் கைவசம் இருக்கிறது. இரந்துதான் வாழ வேண்டும் என்றால் உலகைப் படைத்தவன் கெட்டழியட்டும் என்ற சீற்றம் வள்ளுவரின் இரவச்சம் அதிகாரத்திலும் உண்டு. ஆனால் அந்தச் சீற்றத்தை ஒரு முழு நூலாக, கடவுளிடமே வழக்காக வளர்த்தது யோபு. முடிவில் கடவுள் கண்டிப்பது நண்பர்களை. வழக்காடிய யோபை அல்ல. பெரு நாட்டு இறையியலாளர் குஸ்தாவோ குத்தியேரஸ் 1986இல் யோபு பற்றி எழுதிய நூல், குற்றமற்ற மக்கள் துன்புறும் இடத்தில் கடவுளைப் பற்றி எப்படிப் பேசுவது என்ற கேள்வியையே மையமாகக் கொண்டது.

திண்டிவனத்தில் இந்தக் கேள்விக்கு ஒருவர் வாழ்க்கையாலேயே விடை தேடினார். 1890களின் தொடக்கத்தில், ஆற்காடு மிஷனின் திண்டிவனம் பங்களாவில் தாய்க்கு உடல்நலமில்லாததால் வந்து தங்கியிருந்த இளம்பெண் ஐடா ஸ்கடர். ஒரே இரவில் மூன்று ஆண்கள், ஒருவர் பின் ஒருவராக, பிரசவத்தில் தவிக்கும் தம் மனைவிக்கு உதவ வரும்படி அவரை அழைத்தார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மற்றவர் இன்னொரு இந்துக் குடும்பத்தவர். தமக்கு மருத்துவம் தெரியாது, மருத்துவரான தந்தையை அழைத்துப் போங்கள் என்றார். ஆண் மருத்துவர் வர முடியாது என்று மூவருமே திரும்பிப் போனார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். அந்தச் சாவுகளுக்கு அவர் விளக்கம் தேடிக்கொண்டிருக்கவில்லை. அமெரிக்காவுக்குப் போய் 1899இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1900இல் வேலூரில் சிறிய மருத்துவமனையைத் தொடங்கினார். பெண்களுக்கான மருத்துவப் பள்ளி 1918இல் வந்தது. இன்றைய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் வேர் திண்டிவனத்தின் அந்த இரவில் இருக்கிறது.

மீண்டும் யோபுக்கு வந்தால், 31ஆம் அதிகாரம் அவர் தம் மேல் எடுத்துக்கொள்ளும் உறுதிமொழி. என் பணியாளின் முறையீட்டைத் தட்டிக்கழித்தேனா, விதவையைக் காக்கவைத்தேனா, உழைத்தவருக்குக் கொடுக்காமல் நிலத்தின் விளைச்சலை உண்டேனா, என் நிலம் எனக்கெதிராக அழுததா என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறார். கத்தோலிக்கப் பங்குகளில் அன்பியம் எனப்படும் அக்கம்பக்கக் குடும்பக் குழுக்களின் கூட்டங்கள் நடக்கின்றன. நிலம் வைத்திருப்போரும் ஆள் வைத்து வேலை வாங்குவோரும் அங்கே வருகிறார்கள். இந்த அதிகாரத்தை எடுத்துக்கொண்டு, குறைந்தபட்சக் கூலி எவ்வளவு, தம் ஊரில் எவ்வளவு கொடுக்கப்படுகிறது, முன்பணக் கணக்கை யார் எழுதுகிறார்கள் என்று பேசலாம்.

அதற்கான வேளையும் வழிபாட்டு ஆண்டிலேயே இருக்கிறது. கத்தோலிக்க வாசக முறையில் மூன்றாண்டுக்கு ஒருமுறை, பொதுக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறன்று யோபின் 7ஆம் அதிகாரம் முதல் வாசகமாக வருகிறது. நிழலுக்கு ஏங்கும் அடிமையையும் கூலிக்குக் காத்திருக்கும் வேலையாளையும் பற்றிய பகுதி அது. 2024இல் அது பிப்ரவரி 4 அன்று வாசிக்கப்பட்டது. அடுத்து 2027 பிப்ரவரி 7 அன்று வரும். விழுப்புரம் மாவட்டத்துச் சூளைகளில் கல் அறுக்கும் வேலை மும்முரமாக நடக்கும் மாதம் அது.